இன்வெர்ட்டர் வாங்கும் முன் ஃபேனைப் பாருங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் விஏ எண்ணைத்தான் கடையில் முதலில் காட்டுவார்கள். 900 விஏ என்றால் ஒரே நேரத்தில் சுமார் 720 வாட்ஸ் தாங்கும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஓடும் என்பது பேட்டரியின் கையில் இருக்கிறது. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரன்ட், பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். அந்த 5 மணி நேரத்தைத் தாண்டுமா என்பதே என் கேள்வி.

ஓட்டம்

சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. மூன்று சாதாரண ஃபேன், நான்கு எல்இடி டியூப்லைட், டிவி, வைஃபை ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 400 வாட்ஸ். பேட்டரியில் இருப்பது 1,800 வாட் ஹவர் என்பதால் நாலரை மணி நேரம் வர வேண்டும். வருவதோ சுமார் இரண்டரை மணி நேரம். 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி அவ்வளவு தராது. இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும்.

ஃபேன்களை மட்டும் பிஎல்டிசி ஆக்கினால் 75 வாட்ஸ் இழுத்த இடத்தில் 30 போதும். பகலில் டியூப்லைட் தேவையில்லை. 180 வாட்ஸில், டிவி ஓடியும் 5 மணி நேரம் தாராளமாகக் கடக்கிறது.

லித்தியம் எப்படி?

100 ஏஎச் லித்தியம் பேட்டரியில் 1,280 வாட் ஹவர்தான். ஆனால் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம் என்பதால், அதிக லோடில் 150 ஏஎச் டியூபுலருக்குச் சளைக்கவில்லை. டியூபுலர் முழுதாக ஏற ஓர் இரவு ஆகும்; லித்தியத்துக்குச் சில மணி நேரம் போதும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. விலைதான் அதிகம். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜிங் உள்ள இன்வெர்ட்டராகவும் இருக்க வேண்டும்.

மாட்டும்போது

400 வாட்ஸுக்கே பேட்டரி கேபிளில் 35 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதனால் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி ஒயர் இழுங்கள். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்தால் ஆர்சிசிபி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் எதையும் இந்த லைனில் சேர்க்காதீர்கள்.

டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டமான இடம் கட்டாயம், பூஜை விளக்குக்குப் பக்கத்தில் கூடாது. சென்னை போல வெள்ளம் புகும் ஊர்களில் தரையில் வைக்காமல் உயரமான மேடை போடுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் பின்பக்க ஸ்விட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள்; இல்லாவிட்டால் கரன்ட் போகும் நொடியில் அது ரீஸ்டார்ட் ஆகலாம்.

தீர்ப்பு

மாதம் ஒருமுறை நீளமாகக் கரன்ட் போகும் வீட்டுக்கு டியூபுலரே போதும். ஒரே நாளில் பலமுறை போய் வரும் இடத்தில், சீக்கிரம் ஏறும் லித்தியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். எதுவானாலும், இரண்டாவது பேட்டரிக்கு ஒதுக்கும் காசில் முதலில் ஃபேன்களை மாற்றுங்கள். கரன்ட் இருக்கும் நாளிலும் பில் குறையும்.