பிறந்தநாள் வாசிப்பு

தலைவர்களின் பிறந்தநாளையும் நினைவுநாளையும் ஒட்டி நடக்கும் வாசிப்பு நிகழ்ச்சிகள், பினாங்கில் பள்ளியில் நடந்தாலும் பொது இயக்கங்களின் மண்டபத்தில் நடந்தாலும், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. படத்துக்கு மாலை, சிறப்பு வருகையாளர் உரை, மாணவர் பேச்சு, கட்டுரைப் போட்டியின் முடிவு, நற்சான்றிதழ், சுழற்கிண்ணம் எனப் போகும் அந்த நிரலில் வாசிப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். குறை சொன்னால் வரும் பதில்: இந்த ஒரு நாளாவது பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுகிறார்களே. பலரும் ஏற்றுக்கொண்ட இந்தப் பதில்தான் இம்முறையை மாறாமல் காத்து வருகிறது.

நன்மைகள் உண்டு. பெற்றோர் பள்ளிக்கு வருகிறார்கள். மேடைக் கூச்சம் தெளிகிறது. பரிசாகவாவது ஒரு தமிழ் நூல் வீட்டுக்குள் நுழைகிறது. நாள் குறித்து வாசிப்பதே தவறு என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள். அது பி. என். பணிக்கர் மறைந்த நாள். 1945-இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூரில் நூலகச் சங்கம் கண்டவர் அவர். அங்கே நினைக்கப்படும் மனிதரும் செய்யப்படும் செயலும் ஒன்று.

பினாங்கு நிகழ்ச்சிகளில் அந்த ஒருமை இல்லை. தலைவரைப் பற்றி வாசிக்கிறார்கள், தலைவரை வாசிப்பதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒலிவாங்கியின் முன் நிற்கிறாள். கையில் ஆசிரியர் எழுதித் தந்த அரைத்தாள். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், சிறை சென்ற ஆண்டு, மறைந்த தேதி, கடைசியில் ‘அவர் வழி நடப்போம்’ என்ற வரி. மூன்று வாரம் மனனம் செய்ததால் தாளைப் பார்க்கவே தேவையில்லை. கைதட்டலும் கிடைக்கிறது. அந்தத் தலைவர் எழுதிய ஒரு பத்தியையாவது அவள் படித்தாளா என்று மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை. வேறொரு தலைவரின் நாள் வரும்போது ஆண்டுகளும் ஊர்களும் மட்டும் மாறும். அரைத்தாளின் நடை மாறாது.

இதை இடமின்மையால் நேர்ந்த விடுபடல் என்று தள்ளிவிட முடியாது. தமிழர் விழா எடுக்கும் தலைவர்களில் பலர் எழுத்தாலேயே தலைவரானவர்கள். சுப்பிரமணிய பாரதியின் பெயரிலும் இராஜாஜியின் பெயரிலும் பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாரதி ‘இந்தியா’ இதழை நடத்திய பத்திரிகைக்காரர். அவர் பாட்டு மேடையில் முழங்குகிறது. உரைநடை பிள்ளைகளின் கைக்கு வருவதேயில்லை. இராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியிருந்தார். நான் சொல்வதாலேயே நம்பாதே, உன் அறிவைக் கொண்டு பார் என்று கூட்டம்தோறும் சொன்னவர் அவர். அவருடைய பிறந்தநாளில் ஒரு பிள்ளை அவரைப் புகழ மட்டுமே அனுமதிக்கப்படுவது அவருக்குச் செய்யும் அநீதி. வாதிடுவதற்காக எழுதியவர்களை மறுவாதம் இல்லாமல் வாசிப்பது வாசிப்பே ஆகாது. இராஜாஜியோடும் பெரியாரோடும் ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் பழகும் பிள்ளை, இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசுவதைக் கேட்கும். அரைத்தாளோ இருவரையும் ஒரே அச்சுப் பெரியவர்களாக்கிவிடுகிறது.

ஜார்ஜ் டவுனிலேயே இதற்கு மாற்று ஒன்று இருந்தது. சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென்னின் ஆதரவாளர்கள் 1908-இல் இங்கே ஒரு கழகம் அமைத்தார்கள். அதன் சீனப் பெயருக்கு நூலும் செய்தித்தாளும் வாசிக்கும் கழகம் என்று பொருள். தமிழில் ஒரே சொல்லில் படிப்பகம் எனலாம். செய்தித்தாள் படிப்பதும் சொற்பொழிவு கேட்பதும் அங்கே நடந்தன. அந்தப் போர்வையில் அரசியலும் வளர்ந்தது. 1910 நவம்பரில் சீனாவில் நடத்தவிருந்த அடுத்த எழுச்சிக்கான திட்டம் பினாங்கில்தான் பேசப்பட்டது. அடுத்த மாதம் ‘குவோங் வா’ நாளிதழ் பிறந்தது, இன்றும் வருகிறது. கழகம் இயங்கிய ஆர்மேனியன் தெரு 120-ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். சுன் உயிரோடு இருந்தபோது அவர் ஆதரவாளர்கள் நடத்திய வாசிப்பு, அவரைப் போற்றுவதற்காக நடந்ததல்ல. உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நடந்தது.

தமிழ்நாட்டுத் தெருமுனைகளில் தலைவர் பெயரால் எழுந்த படிப்பகங்களும் அந்த வகைதான். பலகையில் அண்ணாவின் பெயரோ அம்பேத்கரின் பெயரோ இருக்கும். உள்ளே நீண்ட பெஞ்சில் அன்றைய நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்பார், இருவரும் சண்டை போடுவார்கள். அங்கே தலைவரின் பெயர் ஆண்டு முழுவதும் வேலை செய்தது.

பிள்ளைகளுக்கு இவர்களின் எழுத்து கடினம் என்பது கடைசியாக வரும் எதிர்ப்பு. இராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ ‘கல்கி’ வார இதழில் வீட்டார் எல்லாரும் படிக்க வெளிவந்த தொடர். பெரியாரின் நடை பேச்சு நடை. ஒரு பாடவேளையில் ஒரு பக்கத்தை ஆசிரியர் உரக்கப் படித்து, ‘இவர் சொல்வது சரியா?’ என்று கேட்க மண்டபமும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். மலேசியப் பள்ளிகளில் மாணவர் படித்த நூல்களைப் பதிவு செய்யும் நிலாம் வாசிப்புத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம் ஆகியவற்றை எழுதும் பிள்ளை, அவற்றுக்குக் கீழே தனக்கு உடன்பாடில்லாத ஒரு வரியையும் எழுதலாம். அதற்கு ஆசிரியர் அனுமதி ஒன்றே தேவை.