செல்லாக்காசின் செல்வம்

2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவையாயின. வங்கிக்குத் திரும்பியவை நாணயச்சாலைக்குப் போயின. திரும்பாதவை கள்ளக்குறிச்சி வீட்டு உண்டியல்களிலும் கல்வராயன் மலைக் குடும்பங்களின் தகரப்பெட்டிகளிலும் தங்கிவிட்டன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

விரலுக்கே அடையாளம் தெரியும் காசுகள் அவை: சதுர 5 பைசா, விளிம்பு நெளிந்த 10 பைசா, அறுகோண 20 பைசா. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்தே சில்லறை எண்ணலாம். 1968 முதல் வந்த, தாமரை பொறித்த மஞ்சள் 20 பைசாவைப் பலர் லட்சுமி பூஜைக்கென்றே எடுத்து வைத்தார்கள். காண்டாமிருகம் நிற்கும் 25 பைசாவில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். புள்ளி நொய்டா, வைரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத். குறியே இல்லையென்றால் கொல்கத்தா.

அமெரிக்க நாணயச்சாலை பிழையான காசுகளை உருளைகளுக்கிடையே நசுக்கி, அலை அலையாக்கிக் கழிக்கிறது. அந்த நெளிந்த தகட்டையும் விரும்பி வாங்குவோர் உண்டு. நம் செல்லாக்காசுகளோ முகம் சிதையாமல் நம் கைக்கே கிடைக்கின்றன. புளி போட்டுத் துலக்காதீர்கள். காகித உறையிலிட்டு ஆண்டைக் குறித்து வையுங்கள். பல கை பட்டுத் தேய்ந்த தேய்மானமும் அந்தக் காசின் சரித்திரம்தான்.