ஈயம் விட்டுச் சென்ற வேலை

பழைய வாகனங்களைப் பேணுகிறவர்களில் உடைந்ததைச் சரிசெய்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால், உடையாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எஞ்சினை, அதை வடிவமைத்தவர்கள் மனத்தில் கொள்ளாத வேறொரு பெட்ரோலுக்குப் பழக்கி, அதன் வலிமையும் நிதானமும் சிறிதும் குன்றாதபடி தொடர்ந்து உழைக்க வைக்கிறவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கைவண்ணத்தை ரசிப்பதற்கு, ஈயமற்ற பெட்ரோலுக்கு டியூன் செய்யப்பட்ட பழைய லேண்ட் ரோவரைக் காட்டிலும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகத்தின் பார்வைக்கு வந்த லேண்ட் ரோவர், இங்கிலாந்தில் ஸோலிஹல் என்னும் ஊரிலிருந்த ரோவர் தொழிற்சாலையில் உருவானது. 1958-இல் அதன் இரண்டாம் வரிசை வெளிவந்தபோது, 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் உடன் வந்தது. வேகத்துக்காகப் பிறந்த எஞ்சின் அன்று அது. எழுபது சொச்சம் குதிரைத் திறனை அவசரமில்லாமல் கொடுத்து, பாலைவனத்திலும் சேற்றிலும் மலைச்சரிவிலும், நல்ல பெட்ரோல் கிடைக்காத தூர தேசங்களிலும் உழைக்க வேண்டும் என்று கருதியே, அதன் அழுத்த விகிதத்தை 7:1 என்ற தாழ்ந்த நிலையில் வைத்தார்கள். பின்னால் வந்த 8:1 சிலிண்டர் ஹெட்டுகூட இன்றைய கணக்கில் சாதுவானதுதான். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் போய்விட்டால் இந்த எஞ்சின் என்னாகும் என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறவர், முதலில் ஈயம் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் ஈயம், பெட்ரோலில் கலக்கப்பட்ட காலமெல்லாம் இரண்டு ஊழியங்களைச் செய்துவந்தது. சிலிண்டருக்குள் எரிய வேண்டிய கலவை, தீப்பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாக வெடித்து எழுப்பும் ‘நாக்கிங்’ என்ற தட்டலை அடக்கியது ஒன்று. இது யாவரும் அறிந்தது. மற்றொன்று சூட்சுமமானது. செந்தழலாய்ச் சிவக்கும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டின்மீது வந்து அமரும் ஒவ்வொரு முறையும், எரிந்த ஈயத்தின் உப்புகள் மெல்லிய படலமாக இரண்டுக்கும் நடுவே படிந்து, தோசைக்கல்லில் தேய்த்த எண்ணெய் மாவை ஒட்டவிடாமல் காப்பதுபோல், உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவிடாமல் காத்துவந்தன. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 2,000 முறை திறந்து மூடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் படலத்தின் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

ஆயினும் அது விஷத்தின் உழைப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தை வீதிதோறும் புகையாக இறைத்துக்கொண்டு, வால்வைக் காத்தோம் என்று எந்த நாகரிகமும் பெருமை கொள்ள முடியாது. பிரிட்டனில் லிட்டருக்கு 0.15 கிராம் என்று முதலில் குறைக்கப்பட்ட ஈயம், 1999-ஆம் ஆண்டின் முடிவோடு பொது விற்பனையிலிருந்தே நீங்கியது. அது நீங்கியது நியாயம். அது விட்டுச் சென்ற வேலையை இனி உலோகமும் செவியும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இந்தக் கலையின் ஆதாரம்.

உலோகத்தின் பங்கை முதலில் பார்ப்போம். படலம் இல்லாதபோது, உஷ்ணம் மிகுந்த வால்வு வார்ப்பிரும்புச் சீட்டோடு ஒரு க்ஷணம் ஒட்டி, அடுத்த க்ஷணம் அணுவளவு இரும்பைப் பிய்த்துக்கொண்டு எழுகிறது. பிய்ந்த துகள்களே அரமாக மாறிச் சீட்டை மேலும் அராவுகின்றன. வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் அமிழ்கிறது. கைதேர்ந்தவர் சிலிண்டர் ஹெட்டை இறக்கி, என்ன சீட் இருக்கிறது என்று பரிசீலித்து, வார்ப்பிரும்பிலேயே வெட்டிய பழைய சீட்டாக இருந்தால் அதைக் கடைந்தெடுத்து, கடினமான உலோகக் கலவையில் செய்த வளையத்தை இறுக்கமாக அழுத்திப் பொருத்தி, அதன்மீது புதிய சீட்டை வெட்டுகிறார். கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த ஸ்டெல்லைட் பூச்சுள்ள எக்ஸாஸ்ட் வால்வையும் சிலர் உடன் சேர்ப்பதுண்டு. பிறகு வால்வு கிரைண்டிங் பசையைத் தடவி, வால்வை இப்படியும் அப்படியுமாகச் சுழற்றித் தேய்க்க, சீட்டைச் சுற்றிலும் ஒரே அகலமாக, எங்கும் அறுபடாமல், சாம்பல் நிறத்தில் மங்கிய ஒரு வளையம் தோன்றும். அந்த வளையத்தின் சமத்துவத்தில் ஒரு சௌந்தரியம் இருக்கிறது. மூடிய எஞ்சினுக்குள் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கப்போகிற ஒன்றை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற கை, வணங்கத்தக்க கை.

இனி, செவியின் பங்கு. ஈயம் கலந்த நான்கு நட்சத்திரப் பெட்ரோலின், தட்டலைத் தாங்கும் அளவான 97 ஆக்டேன் எங்கே, சாதாரண ஈயமற்ற பெட்ரோலின் 95 எங்கே என்று கலங்குகிறவர்கள், தீப்பொறி எழும் நேரமான டைமிங்கை வேண்டிய மட்டும் ரிடார்டு செய்துவிட்டால் பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். தீப்பொறியை அளவுக்கு மேல் தாமதப்படுத்தினால் கலவை எரிந்து முடியாமலே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. எரிந்துகொண்டே வெளியேறும் வாயு அந்த வால்வையே சுட்டுப் பழுக்க வைக்கிறது. எந்தச் சீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று புறப்பட்டோமோ அந்தச் சீட்டே முதலில் சேதமாகிறது. பெட்ரோல் குறைந்த வறண்ட கலவையும் இதே தீங்கைச் செய்யும். ஒரு பக்கம் தட்டல், மறு பக்கம் உஷ்ணம். இரண்டுக்கும் நடுவேயுள்ள குறுகலான இடத்தில் எஞ்சினை நிறுத்துவதே டியூனிங்.

அதற்கான கிரமத்தை ஒரு முறையேனும் அருகில் நின்று பார்க்க வேண்டும். வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் நடுவேயுள்ள டேப்பட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது 0.25 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.35-க்கும் 0.40-க்கும் நடுவே, இவ்விரண்டும் ஃபீலர் கேஜின் தகட்டைப் பிடித்தும் பிடிக்காமலும் இழுக்கும் பக்குவத்துக்கு வந்த பின்பே தேர்ந்தவர் டைமிங்கைத் தொடுவார். எஞ்சின் நன்கு சூடேறியதும் ஒரு நீண்ட ஏற்றத்துக்குக் கொண்டுபோய், டாப் கியரில் வேகம் தணிந்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் முனகிக்கொண்டு ஏறுகையில், கண்ணாடிக் கோலிகள் தகரத்தில் உருள்கிற சத்தம் எழுகிறதா என்று கேட்பார். எழுந்தால் இறங்கி, பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் அட்வான்ஸையும் ரிடார்டையும் நுணுக்கமாகத் திருத்துவதற்கென்றே அமைந்த சிறிய திருகை இம்மி திருப்பிவிட்டு, மறுபடியும் அதே ஏற்றம். சத்தம் மறைந்த இடத்துக்கு அப்பால் அவர் திருகுவதில்லை. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு, அந்த எல்லையின் உட்புறத்தில் நின்றுவிடும் அடக்கமே அவருடைய வித்தையின் உயிர்.

அடையாளங்கள்கூட மாறிவிட்டன என்பதையும் அவர் அறிவார். ஈயம் இருந்த நாளில் வெளிறிய சாம்பல் பூத்திருந்த எக்ஸாஸ்ட் குழாயின் வாய், இப்போது கறுத்திருக்கிறது என்பதற்காகக் கலவை கெட்டுவிட்டது என்று அவர் கார்புரேட்டரைத் திருகப் போவதில்லை. இன்னும் அபூர்வமானது ஒன்று உண்டு. சாதாரணத் தேய்மானத்தில் டேப்பட் இடைவெளி விரிந்து, கடகடவென்று சத்தம் வளரும். சீட் தேய்ந்து வால்வு அமிழும்போதோ இடைவெளி சுருங்கி, சத்தம் அடங்கிப்போகும். எஞ்சின் அமைதியாகிவிட்டதே என்று மற்றவர்கள் மகிழும் வேளையில், அந்த அமைதியைக் கேட்டு எச்சரிக்கை அடைகிற செவி அவருடையது.

ஹெட்டை இறக்க வசதியில்லாதவர்களுக்கு, ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்கும் மருந்துகள் இருக்கின்றன; நிதானமாக ஓட்டப்படும் வண்டிக்கு அவையே போதுமாக இருக்கலாம், ஏனெனில் சீட் தேய்வது பெரும்பாலும் நீடித்த வேகத்திலும் சுமையிலும்தான். ஆனால் கலை என்று நான் போற்றுவது, எஞ்சினை எந்தத் துணைப் பொருளின் தயவிலும் விடாமல், தன் உலோகத்தின் பலத்திலேயே நிற்க வைக்கும் முயற்சியைத்தான்.

ஈயம் இருந்த காலத்தில் சுமாரான சீட்டும் சுமாரான டைமிங்கும் அதன் நிழலில் பிழைத்துக்கொண்டன. இன்று ஒவ்வொரு பிழையும் வெளிப்பட்டுவிடுகிறது. அதனால் இந்தக் கலை தாழ்ந்துவிடவில்லை, உயர்ந்திருக்கிறது. காற்றையும் நஞ்சாக்காமல், அரை நூற்றாண்டுக்கு முந்திய எஞ்சினையும் குப்பைக்கு அனுப்பாமல், இரண்டு தர்மங்களையும் ஒருங்கே காக்கிறவரை வெறும் மெக்கானிக் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வேலையை மதிப்பிட விரும்புகிறவர், வண்டி பட்டறையைவிட்டு வெளிவரும் நாளில் எழும் முழக்கத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஓராண்டு ஓட்டியபின் வால்வு மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள்: எட்டு வால்வுகளிலும் அந்த 0.25 மில்லிமீட்டர் சுருங்காமல் அப்படியே இருக்குமானால், அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டியதில்லை.