‘தி ஹியூமன் ஸ்டெய்ன்’: திரையில் நழுவிய ரகசியம்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் ராத்தின் ‘தி ஹியூமன் ஸ்டெய்ன்’ நாவல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிக்கோலஸ் மேயரின் திரைக்கதையில் ராபர்ட் பென்டன் அதை 2003இல் படமாக்கினார். ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ படத்துக்காக ஆஸ்கர் வென்ற இயக்குநர் அவர். ஆன்டனி ஹாப்கின்ஸ், நிக்கோல் கிட்மேன், எட் ஹாரிஸ், கேரி சினீஸ் எனத் தேர்ந்த நடிகர்களும் அமைந்தார்கள். இருந்தும் நாவலின் உயிர்நாடி படத்துக்குள் வந்து சேரவில்லை.

கதையின் நாயகன் கோல்மன் சில்க். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள அத்தீனா என்ற கற்பனைக் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர். வகுப்புக்கு ஒருநாளும் வராத இரு மாணவர்களைப் பற்றி, அவர்கள் ஆவிகளா என்னும் பொருளில் ‘ஸ்பூக்ஸ்’ என்கிறார். அது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லும்கூட. அந்த இருவரும் கறுப்பினத்தவர்கள் என்பதால் இனவெறிக் குற்றச்சாட்டு எழ, அவர் பதவி விலகுகிறார். அந்த அதிர்ச்சியே மனைவி ஐரிஸைக் கொன்றது என்று நம்புகிறார். 71 வயதில், கல்லூரியில் துப்புரவு வேலை செய்யும் 34 வயது ஃபோனியாவோடு உறவு மலர்கிறது. வியட்நாம் போரில் மனம் சிதைந்த அவளுடைய முன்னாள் கணவன் இருவரையும் பின்தொடர்கிறான். யூதராக எல்லோரும் அறிந்த கோல்மன், உண்மையில் நியூஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் வெளிர்நிறக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். ஐரிஸுக்கோ பிள்ளைகளுக்கோ அவர் அதைச் சொன்னதே இல்லை.

இப்படிப் பிறப்பை மறைத்து வெள்ளையராக வாழ்வதை அமெரிக்காவில் ‘பாஸிங்’ என்பார்கள். ஒரு சொட்டு ஆப்பிரிக்க ரத்தம் இருந்தாலும் ஒருவர் கறுப்பினத்தவரே என்னும் விதியிலிருந்து முளைத்த வழக்கம் இது. வர்ஜீனியா மாநிலம் 1924இல் அந்த விதியைச் சட்டமாகவே ஆக்கியது. வேலையும் வாக்குரிமையும் குடியிருப்பும் நிறத்தைப் பொறுத்தே அமைந்த நாட்டில், தோற்றம் இடம்கொடுத்த சிலர் எல்லையைக் கடந்தார்கள். அதற்கு விலை, பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் உயிரோடு இழப்பது.

நாவலின் வலிமை, ரகசியத்தை அது கையாளும் முறையில் இருக்கிறது. எழுத்தில் ஒரு மனிதரின் உடல் கண்முன் நிற்பதில்லை. ஆசிரியர் சொல்வதை மட்டுமே வாசகர் அறிவார். ஏறத்தாழக் கால் பங்கு கடந்த பிறகே ராத் உண்மையை வெளியிடுகிறார். அதுவரை படித்த ஒவ்வொரு காட்சிக்கும் அப்போது வேறு பொருள் பிறக்கிறது. இனவெறியர் என்று பழிக்கப்பட்டவர் ஒரே வாக்கியத்தில் அதைத் தகர்த்திருக்க முடியும். ஆனால் அந்த வாக்கியம் அவர் வாழ்நாள் முழுவதையும் தகர்த்துவிடும். இந்த முரணே நாவலின் அச்சாணி.

படத்தின் முதல் சறுக்கல் நடிகர் தேர்வில் நேர்கிறது. ஹாப்கின்ஸ் கறுப்பினத்தவராகத் தெரியவில்லை என்ற விமர்சனம் பாதிதான் நியாயமானது. ஊரே வெள்ளையர் என்று நம்பிய மனிதர்தானே கோல்மன். குறை வேறிடத்தில் உள்ளது. உண்மை தெரிந்த பின் பார்வையாளர் அந்த முகத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும். வேல்ஸ் நாட்டில் பிறந்து உலகமே அறிந்த ஹாப்கின்ஸின் முகத்தில் அப்படிக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியும் கலந்த வென்ட்வொர்த் மில்லர் இளம் கோல்மனாக வருகிறார். அவருக்கும் ஹாப்கின்ஸுக்கும் குரலிலோ பேச்சிலோ உடலசைவிலோ தொடர்பில்லை. ஒரே மனிதரின் இரு பருவங்கள் இரு வேறு மனிதர்களின் கதைகளாகப் பிரிந்துவிடுகின்றன.

இரண்டாவது சறுக்கல் கதைசொல்லியைக் கையாண்ட விதம். நாவலில் எழுத்தாளர் நேதன் சக்கர்மன், கோல்மன் இறந்த பின் அவர் தங்கை எர்னஸ்டீனிடமிருந்து உண்மையை அறிகிறார். தெரிந்த சிலவற்றைக் கொண்டு மீதியை அவரே ஊகித்து எழுதுகிறார். இன்னொரு மனிதரை முழுதாக அறிய முடியுமா என்ற கேள்வி அதனால் பக்கந்தோறும் தொடர்கிறது. படத்திலும் சக்கர்மன் இருக்கிறார். ஆனால் கடந்தகாலம் ஐயத்துக்கிடமில்லாத ஃபிளாஷ்பேக்காக ஓடுகிறது. ஊகம் தகவலாகச் சுருங்குகிறது.

மூன்றாவது சறுக்கல் எதை முன்னிறுத்துவது என்பதில். கோல்மனும் ஃபோனியாவும் கார் விபத்தில் இறப்பதிலிருந்து படம் தொடங்குகிறது. அதனால் முதியவரின் கடைசிக் காதலும் முன்னாள் கணவனின் மிரட்டலும் முன்னே வர, இனக் கேள்வி துணைக்கதையாகிறது. நாவலில் கோல்மனை வேட்டையாடும் பேராசிரியை டெல்ஃபின் ரூ, படத்தில் பெயரளவுக்கே வருகிறார். அதிபர் கிளின்டனின் பாலுறவு விவகாரத்தால் அமெரிக்கா ஒழுக்க ஆவேசத்தில் கொதித்த 1998ஆம் ஆண்டும் வெறும் பின்னணியாகிறது. நாவலில் பிள்ளைகளின் தலைமுடி சந்தேகம் கிளப்பினால், ஐரிஸின் சுருள்முடி பதிலாகும் என்று கோல்மன் கணக்குப் போடுகிறார். ரகசியம் அடுத்த தலைமுறைக்கும் நீள்வதைக் காட்டும் இந்தப் பிள்ளைகளின் கதையைப் படம் கைவிட்டுவிட்டது.

படத்தின் நிறைகளையும் சொல்லியாக வேண்டும். 1940களின் காட்சிகள் மெய்யான வலியோடு அமைந்துள்ளன. ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறும் படித்த தந்தையாக ஹாரி லெனிக்ஸ் கம்பீரமாக நிற்கிறார். தான் காதலிக்கும் வெள்ளைப் பெண் ஸ்டீனாவைக் கோல்மன் வீட்டுக்கு அழைத்துவரும் காட்சியில், உபசரிப்புக்கு அடியில் ஓடும் பதற்றம் தெளிவாக உணரப்படுகிறது. யூதராக மணக்கப்போவதாக மகன் சொல்லும்போது, பேரக்குழந்தைகளை உறவு சொல்லிக் கொஞ்ச முடியாது என்பதை உணரும் தாயாக அன்னா டிவியர் ஸ்மித் நடித்த காட்சியே படத்தின் உச்சம். மில்லரின் அடங்கிய நடிப்பும் அதற்கு ஈடுகொடுக்கிறது. இந்தப் பகுதியை மையமாக்கியிருந்தால் படம் வேறாகியிருக்கும்.

இத்தகைய கதை திரைக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டவும் முடியாது. நெல்லா லார்சன் 1929இல் எழுதிய ‘பாஸிங்’ நாவலை ரெபெக்கா ஹால் 2021இல் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். நிறங்கள் சாம்பலின் சாயல்களாகும் அந்தத் திரையில், யார் வெள்ளையர், யார் கறுப்பினத்தவர் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பார்வையாளரின் கண்ணுக்கே வந்துசேர்கிறது. முக்கியப் பாத்திரங்களில் டெஸ்ஸா தாம்ஸனும் ரூத் நெக்காவும் நடித்தனர். நாவலின் கேள்வியைத் திரைமொழியின் கேள்வியாக மாற்றியதே ஹாலின் வெற்றி. பென்டன் செய்யத் தவறியது அதைத்தான். நாவலின் சம்பவங்களில் பலவற்றை அவர் திரைக்குக் கொண்டுவந்தார். அவற்றுக்குப் பொருள் தந்த பார்வையைக் கொண்டுவரவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ராத்தின் கதை இவ்வளவுதான் என்று எவரும் ஒதுக்கிவிடக் கூடாது. நாவலைப் படித்தே ஆக வேண்டும்.