சிட்டையும் பேரேடும்: தோமா வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

வியாபாரிக்குச் சிட்டை வேறு, பேரேடு வேறு. அன்றன்று நடந்ததை அப்போதே எழுதுவது சிட்டை. அதிலிருந்து பின்னால் பிரித்து எழுதுவது பேரேடு. சந்தேகம் வந்தால் சிட்டையைத்தான் புரட்டணும். வரலாற்றில் அந்தச் சிட்டைக்குப் பெயர் மூலச் சான்று.

தாராவி, செம்பூர் பகுதிக் கிறிஸ்தவ அன்பர்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் நடத்துகிறார்கள். அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, மயிலாப்பூரில் இரத்தசாட்சியானார் என்பது நெடுங்கால மரபு. "இதை யாருங்க பார்த்து எழுதினது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "நம்பு" என்று முடித்துவிடுவது போதாது.

சான்றுகளை வரிசையாக வைக்கலாம். சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் நடபடிகள்' 3ஆம் நூற்றாண்டு நூல். அதில் மயிலாப்பூர் பெயரே கிடையாது. அது சொல்லும் கொண்டபரன் என்ற அரசனோ மெய்யாக இருந்தவன். வடமேற்கில் கிடைத்த நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் அதைக் காட்டின. அரசன் மெய் என்பதால் பயணமும் மெய் என்றாகிவிடாது. பொய் என்றும் ஆகாது. பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த சிலுவையில் பாரசீகத்துப் பகலவி எழுத்து இருக்கிறது. தோமா காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது அது. ஆனால் பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அதுவே நேர்ச்சாட்சி.

இப்படிப் பிரித்துச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடுமா? லூக்கா தம் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே, கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். தோமாவும் காயத்தைப் பார்க்காமல் ஒப்பாதவர்தானே!

அடுத்த வீட்டுக்கு மட்டும் இந்தத் தராசு என்றால் அது நியாயமல்ல. மதுரையில் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் மனம் நோகிறார்கள். சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு; சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டு. நடுவில் 500 ஆண்டு. மதுரைக்கு அருகே சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளோ, அதன் பிறகும் அங்கே சமணம் வாழ்ந்ததைச் சொல்கின்றன. கல் சொல்வது ஒன்று, கதை சொல்வது ஒன்று. இதை எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லத்தான் வேணும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சமயக் கதையானாலும் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிப் போடுங்கள்: யார் எழுதினார்? நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார்? அக்காலக் கல்லோ காசோ உண்டா? விடை கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். எழுதாத வரவைக் கணக்கில் சேர்ப்பதைவிட அது நல்லது.