வாத்தியாரின் குகையும் ரம்லியின் குகையும்

நல்ல படங்களின் பட்டியல் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வோம். உடம்பு முடியாத நாளில் எந்தப் படத்தைப் போடுவாய் என்று கேட்டால் யோசனையே தேவையில்லை, கை தானாகத் தேடி எடுத்துவிடும். எனக்கு அப்படி இரண்டு படங்கள். இரண்டும் ஒரே கதை. ஒன்று, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956 பொங்கலுக்கு வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. மற்றொன்று, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் பி. ரம்லி இயக்கி 1961-இல் வந்த 'அலிபாபா புஜாங் லாப்போக்'.

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வளர்ந்த என் தலைமுறைக்கு இரண்டுமே பழக்கம். எம்ஜிஆர் படம் வாடகைக் கேசட்டாக வீட்டுக்கு வந்தது. ரம்லி படம் தொலைக்காட்சியில் தானாக வந்தது. பெருநாளோ பள்ளி விடுமுறையோ, ஆர்டிஎம்முக்கு ரம்லி இருந்தால் போதும். ஆனாலும் ஒன்றை 'நம்ம படம்' என்றும் மற்றதை 'மலாய்ப் படம்' என்றும் தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ஆறுதல் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது இரண்டு வேறு சரக்கு என்று எனக்குப் புரிந்தது.

முதலில் நட்சத்திரம் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். எம்ஜிஆர் அலிபாபா. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஏழை, உழைப்பாளி, நியாயவான். புதையல் கிடைத்தாலும் கெட்டுப்போகாதவன். எதிரே பி.எஸ். வீரப்பாவின் கொள்ளைத் தலைவன், அந்தச் சிரிப்போடு. இந்த ஏற்பாட்டில் பார்வையாளருக்குக் கவலையே கிடையாது. வாத்தியாரைச் சுற்றிக் கத்திகள் மின்னும்போது என் அம்மா முறுக்கு மாவிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். "அவருக்கு ஒண்ணும் ஆகாது, நீ அடுப்பைப் பாரு" என்பார். அந்த உத்தரவாதத்துக்குத்தான் நாம் காசு கொடுத்தோம்.

ரம்லி என்ன செய்தார்? மலாய்த் திரையின் மிகப் பெரிய நட்சத்திரம், படத்தின் இயக்குநரும் அவரே. அலிபாபா வேடத்தை அஸிஸ் சத்தாருக்கும் காசிம் பாபாவை எஸ். ஷம்சுதீனுக்கும் கொடுத்துவிட்டுத் தான் போய்த் திருடர் தலைவனாக நின்றார். புஜாங் லாப்போக் வரிசையின் மூன்று நண்பர்களில் இருவர் அண்ணன் தம்பி, மூன்றாமவர் அவர்களைக் கொல்ல வருகிறவர்! நட்சத்திரமே திருடனாகிவிட்டால் உத்தரவாதம் எங்கிருந்து வரும்? வராது. அரபுக் கதைக்குள் அறுபதுகளின் சிங்கப்பூர் கூச்சமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. கொள்ளைக் கூட்டத்தைப் பார்த்தால் நம் ஊரில் எங்கோ கண்ட ஆபீஸ் ஞாபகம் வருகிறது. அக்கிரமம் தோற்கும் என்ற வாக்குறுதிக்குப் பதிலாக, அக்கிரமமும் நம்மைப் போலத் தடுமாறும் ஆள்தான் என்ற சிரிப்பு கிடைக்கிறது. அது வேறு வகை ஆறுதல். அம்மாவே ஒருமுறை "இந்தத் திருடன் பாவம்டா" என்றார்.

குகைக் காட்சி இரண்டிலும் உண்டு. தமிழ்ப் படத்தில் காசிமாக வருபவர் எம்.ஜி. சக்கரபாணி. நிஜத்திலும் எம்ஜிஆரின் அண்ணன், திரையிலும் அண்ணன். பொன்னைக் கண்ட மயக்கத்தில் அவர் கதவைத் திறக்கும் சொல்லை மறக்கும்போது அது தண்டனை. பேராசைக்காரனுக்கு இதுதான் கதி என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறோம். ஷம்சுதீனின் காசிம் மாட்டிக்கொள்ளும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை, ஒரு கூச்சம்தான் வருகிறது. தேவைப்படும் நேரத்தில் சொல் கிடைக்காமல் தவிப்பது எல்லாருக்கும் நடப்பதுதானே. அலுவலகக் கவுன்டரில் மலாய்ச் சொல்லுக்குத் தவித்த தோட்டத்து மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று அதே குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் தமிழ்ச் சொல்லுக்குத் தவிக்கிறார்கள். என் அக்கா மகளுக்கு ரம்லி வசனம் தலைகீழ்ப் பாடம், வாத்தியார் வசனத்தில் பாதிக்கு "என்னா சொல்றாரு?" என்று பாட்டியைக் கேட்க வேண்டும். ரம்லி ஓடும்போது கேள்வி பாட்டியிடமிருந்து வரும். 'திறந்திடு சீசேம்' மட்டும் இருவருக்கும் பொது.

இரு படங்களிலும் மூளை இருப்பது ஒருத்தியிடம்தான்: அடிமைப்பெண் மார்ஜியானா, மலாயில் மார்ஜினா. பானுமதியும் சரிமாவும். பானுமதி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே 'சண்டிராணி'யை இயக்கியவர். எம்ஜிஆருக்கு எதிரே நிற்கும்போது அவர் கண்ணில் பயபக்தி இல்லை, கணக்குதான் இருக்கிறது. திருடனை அடையாளம் காண்பதும் வீட்டைக் காப்பாற்றுவதும் அவள். பேரும் புதையலும் அலிபாபாவுக்கு. பல தடவை பார்த்துப் பழகியதாலேயே இந்த அநியாயம் நமக்குக் கண்ணில் படாமல் போகிறது. பழகிய படத்தின் ஆபத்து இது.

தமிழ்ப் படம் கேவா கலரில் எடுக்கப்பட்டது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். ரம்லியுடையது கறுப்பு வெள்ளை. மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் 1978 இறுதியில்தான் வந்தது. அதுவரை வீட்டுப் பெட்டியில் எந்த பாக்தாதும் சாம்பல் நிறம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரம்லிக்கு முதல் கதாநாயக வேடம் தந்த 'பக்தி' படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். 'மலாய்ப் படம்' என்று நாம் தள்ளி வைத்த அலமாரியில் நம் கைரேகையும் இருக்கிறது.

நடிகர்களின் பின்கதையை மறந்துவிட்டு இவற்றைப் பார்க்க என்னால் முடியவில்லை. திரையில் தோற்காதவர் 1977-இல் தமிழக முதலமைச்சர் ஆனார். உத்தரவாதம் திரைக்கு வெளியேயும் செல்லுபடியானது. திருடனாக நிற்கத் துணிந்தவர் 1964-இல் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானின் மெர்டேக்கா ஸ்டூடியோவில் எடுத்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. 1973-இல், 44 வயதில் இறந்தார். அவர் பெயரில் நகர நடுவே சாலை வைத்ததெல்லாம் பிறகு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் கொள்ளைத் தலைவனைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் உறுத்துகிறது.

எது அதிகம் தாங்கும்? என் தீர்ப்பு ரம்லி பக்கம். எம்ஜிஆர் படத்தில் இப்போதெல்லாம் பாட்டுக்கும் பானுமதிக்கும் இடையில் இருப்பதை ஓட்டிவிடுகிறேன். உத்தரவாதம் ஒருமுறை கிடைத்தால் போதும், அதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ரம்லி படத்தின் ஓரத்தில் ஒவ்வொரு தடவையும் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் யாரோ நம்மை ஏமாற்றிவிட்ட நாள் என்று ஒன்று வருமே, வேலையிலோ வாடகையிலோ. அன்றைக்கு ரம்லியின் சிரிப்பு பத்தாது. வாத்தியார்தான் வரணும்.