கஞ்சி ஊற்றுகிறவள்

'கடைசிக் காலத்தில் ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டாமா?' ஆண் பிள்ளை வேண்டும் என்பதற்குச் சேலம், நாமக்கல் பக்கம் சொல்லப்படும் நியாயம் இது. கொள்ளி வைக்கிறவன் மகன். கஞ்சி ஊற்றுகிறவளோ மருமகள். அவள் இல்லாவிட்டால் மகள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் இதே சேலத்தில்தான். பிறக்கும்போது வேண்டாத பெண், அடுத்தவர் இறக்கும்போது வேண்டியவளாகிறாள். வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையின் தத்துவத்தை நாம் இந்த முரணை வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

அதற்கு அடித்தளமிட்டவர் ஒரு பெண். செவிலியாகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி உடம்போடு நிற்பதில்லை, மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் பணக்கவலையிலும் இருக்கிறது என்றார். அதை 'முழு வலி' என்று அழைத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவம் கைவிரித்த இடத்தில், செய்ய எவ்வளவோ இருக்கிறது என்று காட்டினார். 1969இல் அவருடைய குழு வீடுகளுக்கும் போகத் தொடங்கியது. இந்தியாவில், 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கிய முயற்சி தன்னார்வலர்களால் ஊர் ஊராகப் பரவியது. 2008இல் கேரள அரசின் கொள்கையானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

சொந்த வீட்டில், சொந்தபந்தங்களுக்கு நடுவில் கண்மூட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் வீடு என்பது இங்கே யார்? உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறை நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. நம் ஊரில் அந்தக் 'குடும்பம்' பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவள் குமாரபாளையத்தில் தார் சுற்றுகிறவளாக இருக்கலாம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, மலம் அள்ளுவது, இரவில் முனகலுக்கு எழுந்திருப்பது எல்லாம் அவள் கணக்கில். 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபின் கிடைப்பதை அரிதாக்கியது. 2014இல்தான் திருத்தம் வந்தது. அதுவரை தணிக்கப்படாத வலிக்குப் பக்கத்தில் விழித்திருந்தவளும் அவள்தான். இதற்கெல்லாம் கிடைக்கும் கூலி, 'மகராசி, பெத்த மக மாதிரி பாத்துக்கிட்டா' என்ற பாராட்டு. அரசின் சார்பில் வாசலுக்கு வருகிற தன்னார்வலரும் சுயஉதவிக் குழுப் பெண்தான். அவர் பெறுவதற்குச் சம்பளம் என்ற பெயரில்லை, ஊக்கத்தொகை.

சங்க அகப்பாடல்களில் செவிலித்தாய்க்குப் பேச இடமுண்டு. ஆனால் அவள் பேச்செல்லாம் தான் வளர்த்த மகளைப் பற்றியே. இன்று நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளிடம் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டால், அவளும் நோயாளியின் தூக்கத்தையும் பசியையும்தான் சொல்வாள். நாம் அவளை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

முழு வலி என்ற கருத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் அவளுடைய இடுப்பு வலியும் இழந்த கூலியும் அதில் அடங்க வேண்டும். நோயாளியின் பதிவேட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் வேண்டும். அவள் ஓய்வெடுக்கும் நாளில் மாற்று ஆள் வேண்டும். போன கூலிக்கு ஈடு வேண்டும். திருப்பிப் படுக்க வைக்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் அந்த வீட்டு ஆணுக்குப் பயிற்சி தர வேண்டும். நாளை அவளே மார்பிலோ கருப்பைவாயிலோ புற்றோடு படுத்தால், பக்கத்தில் உட்கார அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.